மொட்டைப்பனையும் மொரீசியஸ் கிளியும்

ஒடுகத்தூருக்கு வெள்ளிக்கிழமை போகிறவர்கள் ஆடுகளுக்கு வழிவிட்டுத்தான் ஊருக்குள் நுழைய வேண்டும். ஆட்டுச் சந்தை அன்றைக்குத்தான். வேலூரிலிருந்து அணைக்கட்டு வழியாக வரும் பேருந்து ஊரை நெருங்கும்போதே முன்னால் ஒரு குட்டியானை வண்டி, பின்னால் ஒரு குட்டியானை வண்டி. இரண்டிலும் வெள்ளாடுகள் தலையை வெளியே நீட்டியபடி நிற்கின்றன. இறங்கியதும் சாணமும் புழுதியும் பரோட்டா வாசனையும் கலந்து ஒரு காற்று. சந்தைச் சத்தத்துக்கு மேலே தலை தூக்கிப் பார்த்தால் ஜவ்வாது மலை.

மாசி மாதத்தில் அந்த மலைக்கு அழகு கிடையாது. இலை உதிர்த்த காடு சாம்பல் பூசியதுபோல் நிற்கும். உத்திர காவேரியில் மணல்தான் ஓடும். ஐப்பசியில் வாருங்கள், பச்சைப் பசேல் என்று இருக்கும் என்றுதான் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் மரத்தின் உடம்பைப் பார்ப்பதற்கு மாசிதான் சரியான மாதம். எந்தக் கிளை பட்டுப்போனது, எதில் பொந்து விழுந்திருக்கிறது, அந்தப் பொந்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பதெல்லாம் இலை இல்லாதபோதுதான் தெரியும். தை தொடங்கிச் சித்திரை வரை நம் பக்கத்துக் கிளிகள் குஞ்சு வளர்க்கும் காலமும்கூட. நான் போனது அதற்காக.

டீக்கடையில் காரணத்தைச் சொன்னதும் கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். "கிளி பாக்கவா? வேலூர் கோட்டையில இல்லாத கிளியா சார்?" பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே, "யானை பாக்கப் போறேன்னாக்கூட ஒரு அர்த்தம் இருக்குது" என்றார். கிளி பார்க்க இல்லை, கிளிப் பொந்து பார்க்க என்று திருத்திச் சொன்னேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. பொந்து தேடுகிற வெளியூர்க்காரன் என்றால் குஞ்சு பிடிக்க வந்தவன் என்றுதான் அர்த்தம். இரண்டாவது டீ வாங்கிச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

பொந்து ஏன் முக்கியம்? கிளிக்கு அலகு எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் உயிருள்ள மரத்தில் புதிதாகத் துளை போட அதனால் முடியாது. மரங்கொத்தியோ குக்குறுவானோ குடைந்து, ஒரு பருவம் இருந்துவிட்டு விட்டுப்போன வீட்டுக்குத்தான் அது வாடகைக்கு வரும். வாசலைக் கொஞ்சம் கடித்து அகலமாக்கிக்கொள்ளும், அவ்வளவுதான். அந்த வீட்டுக்கும் போட்டி அதிகம். மைனா கேட்கும், பனங்காடை கேட்கும், ஆந்தை கேட்கும். உணவைப் பொறுத்தவரை கிளிக்கு அவ்வளவு கஷ்டமில்லை. வேப்பம்பழம், பிஞ்சுப் புளி, கொய்யா, சோளம், புரசம்பூ, இலவம்பூ என்று எது கிடைத்தாலும் தின்னும், தின்பதைவிட அதிகமாகக் கீழே போடும். ஓர் ஊரில் எத்தனை கிளி வாழலாம் என்று தீர்மானிப்பது பெரும்பாலும் சோறு இல்லை, வீடு.

ஒடுகத்தூரைச் சுற்றியுள்ள வயல் வரப்புகளில் அந்த வீடு மொட்டைப்பனை. தலை போன பனை, உள்ளே சோறு மக்கி, வெளியே வைரம் பாய்ந்த ஓடு மட்டும் நிற்கும். பத்துப் பன்னிரண்டு வருஷம்கூட அப்படியே நிற்பதுண்டு என்கிறார்கள். மேலரசம்பட்டுச் சாலையை விட்டு உள்ளே போன ஒரு வரப்பில் அப்படி ஒன்று இருந்தது. முக்கால் உயரத்தில் ஒரு துளை. கழுத்தில் கறுப்பும் ரோஜாச் சிவப்புமாக வளையம் போட்ட ஆண் கிளி வந்து விளிம்பில் தொற்றியது. உள்ளிருந்து பெட்டை தலையை நீட்டியது. ஆண் தொண்டையிலிருந்து இரையைக் கக்கிக் கக்கி ஊட்டியது. அடைகாப்பது பெட்டையின் வேலை, மூன்று நான்கு முட்டைக்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை அவளுக்குச் சாப்பாடு கொண்டுவருவது இவன் வேலை. குஞ்சு பறக்க இன்னும் ஏழு வாரம். அந்தக் கழுத்து வளையம் ஆணுக்குப் பிறவியிலேயே வருவதில்லை, ஏறக்குறைய மூன்று வயதில்தான் தெளியும். சந்தையில் பெண் கிளி என்று விற்கப்பட்டு, பெயரும் வைக்கப்பட்டு, மூன்றாம் வருஷம் ஆணாகிப்போன கிளிகள் நிறைய வீடுகளில் உண்டு.

வயல்காரர் வந்தார். பனையை எப்போது வெட்டப் போகிறீர்கள் என்று கேட்காமல் இருந்திருக்கலாம். "சூளைக்காரன் கேட்டுக்கினே இருக்கான், அறுப்பு முடியட்டும்" என்றார். பனையை வெட்ட அனுமதி வாங்க வேண்டுமே என்றேன். 2021-ல் தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட வேண்டுமானால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். அவருக்கும் அது தெரிந்தே இருந்தது. "அது உசுரோட இருக்கிற பனைக்கு சார். செத்த பனைக்கு எவன் வந்து கேப்பான்?"

சரியான கேள்வி. செத்த மரத்துக்கு நம் ஊரில் வக்கீல் கிடையாது. நடும் மரத்துக்கு விழா எடுக்கிறோம், நிற்கும் மரத்துக்குச் சட்டம் போடுகிறோம், பட்ட மரம் என்றால் விறகு. கிளியின் கணக்கில் இது தலைகீழ். இன்று நட்ட கன்றில் கிளிக்கு இடம் கிடைக்க இரண்டு தலைமுறையாவது ஆகும்.

இந்தக் கணக்கு தப்பினால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு தீவின் கதை இருக்கிறது. மொரீசியஸ் நமக்கு அன்னியமில்லை. 1730-களிலேயே பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞர்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோன தீவு. தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து. அந்தத் தீவிலும் சுற்றுத் தீவுகளிலும் ஒரு காலத்தில் கிளி இனங்கள் பல இருந்தன. கிழக்கே ராட்ரிக்ஸ் தீவிலிருந்த கிளியின் கடைசி மாதிரி 1875 ஆகஸ்டில் சுடப்பட்டது, பிறகு யாரும் பார்க்கவில்லை. ரீயூனியன் தீவின் கிளி போயிற்று. வடக்கே செய்ஷெல்ஸின் பச்சைக்கிளி பத்தொன்பதாம் நூற்றாண்டோடு முடிந்தது. இந்தத் தீவுகள் வரிசையில் இன்று மிஞ்சியிருக்கும் ஒரே பச்சைக்கிளி மொரீசியஸின் எக்கோ கிளிதான். பார்த்தால் நம் ஊர்ப் பச்சைக்கிளிதான் என்று சத்தியம் செய்வீர்கள். கொஞ்சம் கட்டை குட்டை, வால் சற்றுச் சிறியது, பச்சை சற்று அடர்த்தி. மரபணு ஆய்வும் இரண்டையும் நெருங்கிய உறவு என்றே சொல்கிறது. எப்போதோ கடல் தாண்டிப் போன ஒரு கூட்டத்தின் வழித்தோன்றல்.

1980-களில் அந்த இனத்தில் கண்ணுக்குத் தெரிந்தவை பத்துப் பன்னிரண்டு. கரும்புக்காகவும் தேயிலைக்காகவும் வெட்டியதுபோக நல்ல நிலையிலுள்ள இயற்கைக் காடு தீவில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. பொந்து விழும் அளவுக்கு வயதான மரங்கள் தென்மேற்கிலுள்ள கறுப்பாற்றுப் பள்ளத்தாக்கில் கொஞ்சம்தான். அதிலும் சூறாவளி அடித்தால் முதலில் விழுவது பொந்துள்ள மரம். மிச்சமிருந்த பொந்துகளில் எலி ஏறும், குரங்கு கையை விடும், குஞ்சை ஈப்புழு உறிஞ்சும். 1979-ல் கார்ல் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டு இளைஞர் அங்கே போய்ச் சேர்ந்தார். முதலில் அவர் கவனித்தது வல்லூறு இனம் ஒன்றை, கிளி அடுத்து வந்தது. 1984-ல் மொரீசியஸ் வனவிலங்கு அறக்கட்டளை தொடங்கியது. அவர்கள் செய்ததைப் படித்தால் விஞ்ஞானம் என்பதைவிடப் பிரசவ வார்டு என்றுதான் தோன்றும். ஒரு கூட்டில் இரண்டு மூன்று குஞ்சு பொரித்தாலும் பெரும்பாலும் ஒன்றுதான் பிழைக்கும் என்று கண்டார்கள். சாகப் போகிற குஞ்சை எடுத்துக் கையால் வளர்த்தார்கள். முட்டை கூமுட்டையாகிப்போன பெட்டையிடம் வேறொரு கூட்டின் குஞ்சை வைத்தார்கள். மரத்தின் அடியில் எலி ஏறாதபடி வழவழப்பான தகடு சுற்றினார்கள், எலிக்கு மருந்து வைத்தார்கள், பொந்துக்குள் மழைநீர் இறங்காமல் கூரை போட்டார்கள். காட்டில் பொந்து இல்லை என்பதால் பெட்டி செய்து மாட்டினார்கள். 1997-லிருந்து கூண்டில் வளர்ந்தவற்றைக் காட்டில் விட்டார்கள். இடையில், 2005-ஐ ஒட்டி, அலகையும் இறகையும் தாக்கும் வைரஸ் நோய் பரவி எல்லாம் போய்விடும் போலிருந்தது. போகவில்லை. உலகப் பட்டியலில் அழிவின் விளிம்பு என்றிருந்தது 2007-ல் ஒரு படி இறங்கியது, 2019-ல் இன்னொரு படி. இன்று எழுநூறுக்கு மேல் இருக்கின்றன.

இந்தக் கதையில் நமக்கு ஒரு வேஷம் இருக்கிறது, அது வில்லன் வேஷம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், 1886-ஐ ஒட்டி, இந்தியப் பச்சைக்கிளி மொரீசியஸுக்குக் கூண்டில் போனது, பிறகு வெளியே வந்தது. ஒடுகத்தூர் மொட்டைப்பனையில் நான் பார்த்த அதே இனம். ஊர்ப்புறம், தோட்டம், தென்னை எல்லாம் அதற்குப் பழக்கம். மிச்சமிருந்த பொந்துக்கும் போட்டிக்கு வந்தது, அந்த வைரஸையும் சுமந்தது. செய்ஷெல்ஸின் மாஹே தீவிலும் இதே இனம் பரவியது. பக்கத்துப் பிராலின் தீவில் மட்டுமே வாழும் கறுப்புக் கிளிக்கு ஆபத்து வரும் என்று பயந்து, ஐந்நூறுக்கு மேற்பட்ட பச்சைக்கிளிகளைச் சுட்டும் பிடித்தும் ஒழித்து, 2019-ல் வேலை முடிந்தது என்று அறிவித்தார்கள். மீனாட்சி கையிலும் ஆண்டாள் தோளிலும் உட்காரும் பறவைக்குக் கடல் தாண்டினால் இதுதான் மரியாதை. எனக்கு முதலில் படித்தபோது கோபம் வந்தது. பிறகு, அந்தக் கறுப்புக் கிளிக்குப் போக வேறு தீவு இல்லை, இதற்கு ஒரு கண்டமே இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

நம் நாட்டுக்கும் தீவுக் கிளி உண்டு. கிரேட் நிக்கோபாரிலும் அதை ஒட்டிய சில சிறு தீவுகளிலும் மட்டும் இருக்கும் நிக்கோபார் கிளி, இந்தப் பச்சைக்கிளிக் குடும்பத்தின் பெரியவற்றில் ஒன்று, வாலோடு ஏறக்குறைய இரண்டடி நீளம். தாழைப்பழம் அதற்கு உயிர். அந்தத் தீவில் சரக்குப் பெட்டகத் துறைமுகமும் விமான நிலையமும் நகரமும் கட்டும் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. 130 சதுர கிலோமீட்டர் காடு அதற்குப் போகிறது. பத்துக் கிளி மிஞ்சிய பிறகு பெட்டி மாட்டும் திறமையை மொரீசியஸிடம் கற்றுக்கொள்ளலாம் என்று யாரோ நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

மறுநாள் காலையில் முத்துக்குமரன் மலை வழியாகப் பீஞ்சமந்தைக்கு ஏறினோம். அணைக்கட்டு வட்டத்தில் மலைமேல் இருக்கும் ஊராட்சிகள் மூன்று: பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை. இந்த மலைக்கிராமங்களுக்குச் சாலை என்பது அண்மைக்காலச் செய்தி. நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கிவந்த கதைகளை இன்றும் ஒவ்வொரு வீட்டிலும் கேட்கலாம். அதனால் மரத்தை வெட்டிச் சாலை போட்டார்களே என்று அங்கே யாரிடமும் நான் அங்கலாய்க்கவில்லை. கீழே கார் வைத்திருப்பவனுக்கு அந்த உரிமை இல்லை.

ஏற ஏறக் கிளிச் சத்தம் மாறியது. கீழே கேட்ட கீச்சுக் கத்தல் நின்று, ஏதோ கேள்வி கேட்பதுபோல் மென்மையாக ஒரு சீழ்க்கை தலைக்கு மேல் போயிற்று. செந்தலைக் கிளி. ஆணுக்குத் தலை முழுக்க நாவல்பழச் சாயம் கலந்த ரோஜா நிறம், பெட்டைக்குச் சாம்பல் தலையும் மஞ்சள் கழுத்தும், வால் நுனி வெள்ளை. இந்தியத் துணைக்கண்டத்திலும் இலங்கையிலும் தவிர வேறெங்கும் கிடையாது. பச்சைக்கிளியைப்போல் இது ஊருக்குள் வந்து குடியேறாது, காடும் காட்டோரக் கொல்லையும் வேண்டும். பூத்திருந்த புரசமரம் ஒன்றில் ஏழெட்டு உட்கார்ந்து பூவைக் கிள்ளித் தேனை நக்கிவிட்டு உதிர்த்துக்கொண்டிருந்தன. மரத்தடி முழுக்கச் சிவப்பு. வீணடிக்கிற பறவை என்று சொல்லலாம்தான், ஆனால் கீழே ஒரு வெள்ளாடு அந்தப் பூக்களை ஒன்று விடாமல் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தது.

சாமை அறுவடை முடிந்து கொல்லைகள் காலியாக இருந்தன. புளி உலுக்கும் காலம் என்பதால் ஊரில் பாதிப்பேர் மரத்திலும் மீதிப்பேர் மரத்தடியிலும். ஒரு வீட்டுத் திண்ணையில் புளி தட்டிக்கொண்டிருந்த பாட்டி, கிளியைப் பற்றிக் கேட்டதும் கையை வீசிக் காட்டினார். சின்ன வயசில் பரண்மேல் உட்கார்ந்து தகரம் தட்டியவர். "சாமைக்குக் குருவி வரும், சோளத்துக்குக் கிளி வரும். இப்ப சோளம் யாரு போடறா? கிளிக்கு இங்க வேல இல்ல." தினைப்புனத்தில் வள்ளி கவணும் தட்டையுமாகக் கிளி ஓட்டிய கதையை இந்தத் திண்ணையில் சொன்னால் அதில் அதிசயம் எதுவும் இருக்காது. அது ஒரு வேலை, சம்பளமில்லாத, வெயிலில் காயும், பெண்பிள்ளைகளின் வேலை. கவிஞர்கள்தான் அதைக் காதலாக்கினார்கள்.

பொந்து எங்கே என்று கேட்டதற்கு அவருடைய பேரன் அழைத்துப்போனான். ஊர்க் கோயிலுக்குப் பின்னால் இலுப்பை ஒன்று. அடிமரத்தை மூன்று பேர் சேர்ந்து அணைக்க வேண்டும். பட்டுப்போன மேல்கிளையில் வரிசையாகத் துளைகள், ஒன்றில் பொன்முதுகு மரங்கொத்தி, இன்னொன்றின் வாசலில் எச்சம். மூன்றாவதிலிருந்து செந்தலைக் கிளியின் பெட்டை வெளியே வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் பறந்தது. சாமி மரம், அதனால் யாரும் கைவைப்பதில்லை என்றான். காட்டுக்குள் இதுபோல் இருக்கிறதா என்றேன். யோசித்தான். "பெருசு எல்லாம் அந்தக் காலத்துலயே போச்சுண்ணா."

அவன் சொன்னது புரியாத விஷயமில்லை. ஜவ்வாது மலை சந்தனத்துக்குப் பேர்போனது, திருப்பத்தூர்ச் சந்தனக் கிடங்குக்குப் பெரும்பங்கு சரக்கு இங்கிருந்து போனது. சந்தனத்தோடு வேங்கையும் ஈட்டியும் போயின. இன்று மலையைத் தூரத்திலிருந்து பார்த்தால் காடாகத்தான் தெரிகிறது, செயற்கைக்கோள் படத்திலும் பச்சையாகத்தான் விழும். ஆனால் அது தொடைப் பருமன் மரங்களின் காடு. கிளிக்கு வேண்டிய கிழ மரம் கோயிலுக்குப் பின்னாலும் சாலையோரப் புளியிலும் வயல் வரப்பிலும்தான் நிற்கிறது. அதாவது வனத்துறையின் எல்லைக்கு வெளியே. கிளி பறந்து பாலாற்றையே தாண்டும், அதற்கு இந்த மலை தீவில்லை. கிழ மரங்கள்தான் தீவு.

இங்கே சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1990-களின் தொடக்கத்தில் வந்த விற்பனைத் தடையும் நாட்டுக் கிளியைப் பிடிப்பதையும் விற்பதையும் குற்றமாக்கின. 2022 திருத்தத்துக்குப் பிறகு பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. 2023-ல் பல மாவட்டங்களில், வீட்டில் வளர்க்கும் கிளிகளை ஒப்படையுங்கள் என்று வனத்துறை அறிவித்தது. 2024 நாடாளுமன்றத் தேர்தலின்போது கடலூரில் வேட்பாளர் ஒருவருக்கு வெற்றி என்று சீட்டு எடுத்த கிளியும் அதன் ஜோசியரும் வனத்துறையிடம் மாட்டியது பெரிய செய்தியானது. சட்டம் சரி. குஞ்சை எடுக்கப் பொந்தையே வெட்டிப் பிளக்கிறார்கள், அடுத்த வருஷம் அந்த மரத்தில் யாரும் குடியேற முடியாது. ஆனால் சிறகு வெட்டிய கிளியைப் பிடுங்குவது சுலபம், நிற்கும் பனையை நிற்க வைப்பது கஷ்டம். நாம் சுலபத்தைச் செய்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறோம்.

ஆலங்காயம் போய்க் காவலூர் வழியாகத் திரும்புவது என்று முடிவானது. 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வானாய்வகம், 1986-ல் தொடங்கிய 2.34 மீட்டர்த் தொலைநோக்கி. வெளிச்சம் வேண்டாம் என்று சுற்றிலும் இருட்டைக் காப்பாற்றுகிறார்கள். வளாகத்து மரங்களில் குக்குறுவான்களைக் கண்டேன். ஜமுனாமரத்தூரில் கொள்ளு ரசத்தோடு சாப்பாடு. போளூர் இறக்கத்தில் சாலையோரப் புளியமரங்களில் வெள்ளைப் பட்டை அடித்து எண் எழுதியிருந்தார்கள். ஏலத்துக்கான எண்ணா, வேறெதற்குமா என்று நடத்துனரைக் கேட்டேன். "ரெண்டுக்கும் அதே பெயிண்டுதான் சார்" என்றார்.

திருவண்ணாமலையில் கிளிக்கு ஒரு கோபுரமே உண்டு. அருணகிரிநாதர் பாரிஜாதம் கொண்டுவரக் கிளியுடம்பில் புகுந்துபோனார், திரும்பி வருவதற்குள் அவருடைய எதிரி சம்பந்தாண்டான் அவருடைய மனித உடலை எரித்துவிட்டான், அவர் கிளியாகவே அந்தக் கோபுரத்தில் தங்கினார் என்பது தலக்கதை. கோபுர நிலைகளில் இன்றும் நிஜக் கிளிகள் வந்து போகின்றன. சுதைக்கு நடுவிலுள்ள இடுக்கும் சாரக்கட்டைத் துளையும் அவற்றுக்குப் பொந்து. குடமுழுக்கு நெருங்கினால் அத்தனையும் பூசி அடைக்கப்படும். இந்தக் கோயிலில் கடைசியாக நடந்தது 2017 பிப்ரவரியில். இதைப் பற்றிச் சுதை வேலைக்காரர் ஒருவரிடம் பேசினேன். பொந்தை விட்டால் பறவை எச்சத்தில் அரசும் ஆலும் முளைத்துக் கோபுரத்தைப் பிளக்கும் என்றார். அவர் சொல்வதை மறுக்க முடியாது. கிளி விதையைக் கடித்து நொறுக்கிவிடும், முளைக்க விடாது, மைனாவும் காகமும்தான் விதைக்கின்றன என்று சொல்லிப் பார்த்தேன். "வாசல்ல பேரு எழுதி வெக்க முடியுங்களா, கிளிக்கு மட்டும்னு?" என்றார்.

கோபுரத்தை விட்டுவிடலாம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். 2016-ல் அதை அகலப்படுத்த மரங்கள் வெட்டப்பட்டபோது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் குறுக்கிட்டதால் பல மரங்கள் தப்பின. அந்த மரங்களில் பொந்து எத்தனை, குடியிருப்பது யார் என்று கணக்கெடுக்க மாசியில் கல்லூரிப் பிள்ளைகள் இருபது பேரும் ஒரு விடிகாலையும் போதும். பௌர்ணமி மட்டும் வேண்டாம், அன்றைக்கு அண்ணாந்து பார்த்து நடக்க இடம் இருக்காது.